அண்ணி எடுத்த சிறுத்தை

பண்டாரவளையில் என் கணவர் ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, கோயில் கும்பாபிஷேகம் என்று அவர் எடுத்து வருவதை உட்கார்ந்து வெட்டி ஒட்டுவது என் வேலை. நான் கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு கூத்து நடந்தது. மணமகளுக்கு மாலை போடும் நேரத்தில் கேமராவில் பேட்டரி தீர்ந்து, வேறொன்று போட்டு மறுபடி ஓடவிட்டிருக்கிறார் இவர். இரண்டு துண்டையும் நான் அப்படியே ஒட்டிக் கொடுத்துவிட்டேன். படத்தில், வெறும் கழுத்தோடு நின்ற பெண்ணின் மேல் எங்கிருந்தோ ஒரு மாலை வந்து உட்கார்ந்திருந்தது. பெண்ணின் அம்மா கடைக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, எம் மகளுக்கு மாப்பிள்ள மாலை போட்டாரா, இல்ல பேய் போட்டுச்சா?"

அவரைச் சமாதானம் செய்து அனுப்பியபின் என் கணவர் சிரித்துக்கொண்டே போனில் ஒரு பழைய படத்தைக் காட்டினார். "நீ தெரியாம செஞ்சத ஒருத்தரு நூறு வருஷத்துக்கு முந்தியே தெரிஞ்சு செஞ்சிருக்காரு, பாரு."

சத்தமில்லாத படம். கூரான தாடி வைத்த ஒரு பிரான்ஸ்காரர் வந்து வணங்கினார். ஒரு பெண்ணை நிற்கவைத்துத் துணியால் மூடினார், உதறினார். பெண் இல்லை. கம்ப்யூட்டர் வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். அப்போது கம்ப்யூட்டர் ஏது? கேமராவை நிறுத்திவிட்டு, பெண்ணைப் போகச் சொல்லிவிட்டு, மறுபடி ஓடவிட்டிருக்கிறார். அவ்வளவுதான். ஆனால் நிறுத்தும்போது எந்த நிலையில் இருந்தாரோ, கை எந்த உயரத்தில் இருந்ததோ, ஓடவிடும்போதும் மயிரிழை பிசகாமல் அதே நிலையில் இருந்தார். அந்தக் கையைப் பார்க்கவே நான் அவர் படங்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

கிடைத்ததையெல்லாம் படித்தேன். காலுக்குப் போடும் சப்பாத்து செய்யும் தொழிற்சாலை முதலாளியின் பிள்ளை. தன் பங்கை விற்று ஒரு மாயாஜாலக் கொட்டகையை வாங்கியவர். வெளிச்சத்துக்காகத் தோட்டத்தில் கண்ணாடியாலேயே ஒரு ஸ்டூடியோ கட்டியவர். ஒரு மன்னரின் முடிசூட்டு விழாவை, அது நடப்பதற்கு முன்பே, நடிகர்களை வைத்து எடுத்துமுடித்தவரும் அவர்தான். இந்தத் தந்திரம் எப்படிப் பிடிபட்டது என்று அவரே ஒரு கதை சொல்லியிருக்கிறார். பாரிஸ் வீதி ஒன்றைப் படம் பிடிக்கும்போது கேமரா சிக்கிக்கொண்டதாம். சரிசெய்து ஓடவிட்டாராம். போட்டுப் பார்த்தால் பயணிகள் வண்டி ஒன்று சவ வண்டியாக மாறியிருந்ததாம்.

எனக்கு அந்தக் கதையில் சந்தேகம் உண்டு. வேறொரு வண்டி வந்திருக்கக் கூடாதா? பால் வண்டி, வைக்கோல் வண்டி? பார்ப்பவனைத் திடுக்கிட வைக்கும் சவ வண்டிதான் சரியாக அந்த இடத்தில் வந்து நிற்க வேண்டுமா? வித்தைக்காரன் தன் வித்தை பிறந்த கதையைச் சொல்லும்போது அவன் கையையும் சேர்த்துத்தான் கவனிக்க வேண்டும்.

நான் பிறந்த தேயிலைத் தோட்டம் பூனாகலைப் பாதையில், பஸ் மூச்சு வாங்கி ஏறும் ஒரு மலையில் இருக்கிறது. அண்ணனும் அண்ணியும் இன்னும் அங்கே லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில்தான். அண்ணன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அண்ணி கொழுந்து எடுக்கிறார். அங்கே மாரியம்மன் திருவிழாவுக்கு ஏதாவது புதிதாகச் செய் என்று இளைஞர்கள் கேட்டதில், தாடிக்காரரின் வித்தையைச் செய்துகாட்டினேன். கேமராவை அசையாமல் கம்பத்தில் கட்டினேன். தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் கோயில் வாசலில் நின்று கையைத் தட்டுவார். அடுத்த நொடி அங்கே ஒரு கிடாய் நிற்கும். அன்று சாயங்காலம் மண்டபச் சுவரில் வெள்ளைத் துணி கட்டிப் போட்டதும் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. தலைவரும் சிரித்தார். ஆனால் மற்றவர்களைப் பார்த்த பிறகுதான் சிரித்தார்.

அண்ணி மட்டும் சிரிக்காமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து குடைந்தார்.

"நடுவுல நிப்பாட்டினது எப்புடித் தெரியாமப் போகுது?"

"தெரியும் அண்ணி. மேகம் நகந்திருக்கும், நெழலு நகந்திருக்கும். யாரும் அதப் பாக்க மாட்டாங்க, ஆளத்தானே பாப்பாங்க."

"மூட்டமா இருந்தா?"

"மூட்டமா இருந்தா ஒண்ணுமே தெரியாது."

அண்ணி தலையை ஆட்டிக்கொண்டார். அப்போது அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

மழை தொடங்கி மலையில் மூட்டம் இறங்கும் காலம் வந்தது. பெரகலச் சந்தியில் கடை வைத்திருக்கும் ஒருவர் பாஸ்போர்ட் படம் எடுக்க ஸ்டூடியோவுக்கு வந்தார். உட்கார்ந்ததும் போனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"கையக் குடுங்க தங்கச்சி. அசல் மாதிரியே இருக்கு."

எங்கள் தோட்டத்து மேல் மலை. தேயிலைக்கு மேலே, காடு தொடங்கும் இடத்துப் பாறை. அதிலிருந்து ஒரு சிறுத்தை இறங்கி ஒற்றையடிப் பாதையில் நின்றது. தலையைத் திருப்பிக் கேமராவைப் பார்த்தது. மூட்டம் ஒன்று தவழ்ந்து வந்து எல்லாவற்றையும் மூடியது. விலகியபோது பாதை வெறுமையாக இருந்தது. துணியை உதறினாற்போல.

"இத எடுத்தது யாரு?"

"ஒங்க அண்ணிதானாமே. பதுளை வரைக்கும் எல்லார் போன்லயும் இதுதான் ஓடுது. கிடாயக் காட்டுனவங்க இப்ப சிறுத்தையக் காட்டுறாங்கன்னு பேசிக்கிறாங்க."

என் கணவர் கேமராவுக்குப் பின்னாலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். "நானில்ல" என்றேன். அவர் சரி என்றார். ஆனால் அந்தப் பார்வை உடனே போகவில்லை.

மத்தியானம் அண்ணன் போனில் பேசினார். மேல் மலைக்கு ஏற மாட்டோம் என்று பெண்களெல்லாம், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்திலேயே நின்றுவிட்டார்களாம். தோட்டத்து மேனேஜர், தொரை, அண்ணியைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். அந்த மலை செங்குத்து, கொழுந்து குறைவு, அட்டை அதிகம். அங்கே வேலைக்குப் போடாதீர்கள் என்று பெண்கள் ரொம்ப நாளாகக் கேட்டுவந்தார்கள். அதற்காகத்தான் இப்படி ஒரு படத்தைச் சோடித்திருக்கிறார்கள் என்பது தொரையின் எண்ணம். தலைவருடைய எண்ணம் நேர் எதிர். காட்டோரத்தில் லயத்து ஆட்கள் போஞ்சியும் கிழங்கும் போடும் துண்டு நிலங்களை நிர்வாகம் திருப்பி எடுக்கப் பார்க்கிறதாம். சிறுத்தையைக் காட்டிச் சனத்தை விரட்ட நிர்வாகம்தான் என்னிடம் சொல்லிச் செய்வித்திருக்கிறது என்றாராம்.

"ரெண்டு பேரும் நீதான் செஞ்சேன்னு சொல்றாங்க" என்றார் அண்ணன். "பேசாம நான்தான் வெளையாட்டுக்குச் செஞ்சேன்னு ஒத்துக்கிடு தங்கச்சி. ஒரு ஏச்சு ஏசுவாங்க. அதோட முடிஞ்சிரும்."

"செய்யாதத எப்படி அண்ணே செஞ்சேன்னு சொல்றது?"

"சொன்னா என்ன கொறஞ்சு போயிடுவியா? இல்லன்னா காட்டு ஆபீசருங்க வந்து மலையெல்லாம் கெளறுவாங்க. தேவையா?"

போனை வைத்த பிறகும் எனக்கு அந்தப் பேச்சு உறுத்தியது. அண்ணன் என்னைத் திட்டவில்லை. மிருகம் உண்மையா பொய்யா என்று கேட்கவும் இல்லை. பொய்யாக இருந்தால் நல்லது என்று மட்டும் நினைத்தார். தன் பெண்டாட்டி நின்ற பாதையில் சிறுத்தை நின்றது என்றால் ஒருத்தர் முதலில் அதையல்லவா கேட்பார்?

ஆனால் அப்போது என் சந்தேகமெல்லாம் அண்ணி மேல்தான் போனது. மூட்டமாக இருந்தால் தெரியுமா என்று கேட்டவர் அவர். மேல் மலையைப் பற்றி அதிகம் முறையிட்டதும் அவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் பிடித்துப் போனேன். அண்ணி லயத்து வாசலில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் "வாம்மா" என்றார். வழக்கமாக வரும் சிரிப்பு வரவில்லை.

"போனக் குடுங்க அண்ணி. வாட்ஸ்அப்ல வந்தது வேணாம், நீங்க எடுத்த அசல் வேணும்."

"எதுக்கு?"

"பாக்கணும்."

"நீயும் நம்பலதானே?"

"நம்புறதுக்குத்தான் கேக்குறேன்."

அண்ணி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனைக் கொண்டுவந்து கொடுத்தார். "மூட்டத்தப் பத்தி நான் கேட்டதத்தானே நெனச்சுக்கிட்டு வந்திருக்க? மொகத்துலயே தெரியுது. அன்னைக்குக் கேட்டது, எம் மவ பள்ளிக்கூட விழாவுல தம்பிய மறைய வச்சுக் காட்டணும்னு சொன்னதுக்காக. சிறுத்த வந்ததுக்கு நான் என்ன செய்ய? போன் கையில இருந்துச்சு, அமுத்திட்டேன். ஓடக்கூடத் தோணல."

நான் மடிக்கணினியைத் திறந்து, அடுப்படி மேசையில் வைத்து, படம் படமாக நகர்த்திப் பார்த்தேன். தாடிக்காரர் எனக்குக் கற்றுக்கொடுத்ததே இதுதான்: ஆளைப் பார்க்காதே, ஓரத்தைப் பார். மூட்டம் சிறுத்தையை மூடியபின் திரை முழுக்க வெள்ளை. வெட்டுவதென்றால் அங்கேதான் வெட்டலாம். ஆனால் இடது மூலையில் ஒரு தேயிலைச் செடியின் உச்சி மட்டும் மூட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒரு துளி நீர் தொங்கி, கனத்து, நீண்டு, விழுந்தது. எங்கேயும் தாவவில்லை. அதைவிடப் பெரிய சாட்சி சத்தம். அந்தப் பிரான்ஸ்காரர் படத்தில் சத்தம் இல்லை. அவர் எவ்வளவு நேரம் நிறுத்தினாலும் யாருக்கும் கேட்காது. இங்கே அண்ணியின் மூச்சு கேட்டது. கீழே வளைவில் ஒரு பஸ் நீளமாக ஹாரன் அடித்தது. அதற்குள்ளேயே அண்ணி "மாரியாத்தா, தாயே, எம் புள்ளைங்க" என்று முணுமுணுத்தார். வெள்ளை முழுவதிலும் அந்த ஹாரனும் முணுமுணுப்பும் அறுபடாமல் ஓடின. வெட்டு இல்லை.

"அண்ணி, இது அசல்."

"அதத்தானே நான் நாலு நாளா சொல்றேன்" என்று அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணன் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "சரி, பாத்துட்டல்ல, யாருக்கும் சொல்லிக்கிட்டுத் திரியாத" என்றார். எனக்கு மறுபடியும் உறுத்தியது.

மறுநாள் தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். அண்ணியும் வந்தார். தொரை வெளியே வராந்தாவில் நின்றே பேசினார், தலைவரும் இருந்தார். அவர்கள் இருவரையும் ஒரே பக்கத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை. மடிக்கணினியில் துளி விழுவதைக் காட்டினேன். ஹாரனைப் போட்டுக் காட்டினேன். தொரை பொறுமையாகப் பார்த்தார்.

"இதெல்லாம் எப்படிச் செய்யணும்னு ஒங்களுக்குத் தெரியும்தானே?" என்று கேட்டார்.

"தெரியுங்க. தெரிஞ்சதாலதான் இது செய்யலன்னு சொல்றேன்."

"சத்தத்தத் தனியா சேக்க முடியாதா?"

"முடியுங்க."

"அந்தத் தண்ணித் துளி?"

"அதையும் இந்தக் காலத்துல செய்யலாங்க. ஆனா…"

"அப்புறம் என்ன?" தொரை கையை விரித்தார்.

தலைவர் சிரித்தார். "என்னையே கிடாயா மாத்துன ஆளு தொர. நம்ம கண்ணு முன்னாலயே மாத்துவாங்க."

முடியுமா என்று கேட்டால் முடியும்தான். பொய்யாக ஒரு முடிசூட்டு விழாவை எடுத்த மனிதர், மறுநாள் ஓர் உண்மை விழாவை எடுத்துக்கொண்டு வந்து நின்றிருந்தால் அவர் கதியும் இதுவாகத்தான் இருந்திருக்கும். அண்ணி என் கையைப் பிடித்து இழுத்தார். "வாம்மா போவோம். இவங்களுக்குச் சிறுத்தையே வந்து சொன்னாத்தான் உண்டு."

பெண்களை மறுபடி மேல் மலைக்கு அனுப்பினார்கள். வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது, அண்ணியும் போனார். தகரத்தைத் தட்டிக்கொண்டே ஏறினார்களாம். நான் பண்டாரவளைக்குத் திரும்பினேன். ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள் படம் எடுத்து முடித்ததும் தயங்கி நின்று, "சிறுத்த எப்படிங்க செஞ்சீங்க?" என்று கேட்பார்கள். முதலில் மறுத்துப் பார்த்தேன். மறுக்க மறுக்க அவர்கள் கண்ணில் மரியாதை கூடியது. பிறகு மறுப்பதையே விட்டுவிட்டேன்.

அந்த வாரம் கழியுமுன்பே ஒரு காலை அண்ணி பேசினார். "சத்தம் போடாத. கேளு" என்று போனை எங்கோ நீட்டிப் பிடித்தார். மரத்தை ரம்பம் கொண்டு அறுப்பதுபோல ஒரு சத்தம், விட்டு விட்டு. நடுவில் ஆட்கள் கத்துவது. "போஞ்சித் துண்டுக்கு மேல. கம்பியில மாட்டிக்கிட்டுக் கெடக்கு" என்றார்.

என் கணவரின் மோட்டார்சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது தோட்டமே அங்கே நின்றது. எல்லார் கையும் போனோடு உயர்ந்திருந்தது. காட்டோர வேலியில் பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பி. அதில் இடுப்போடு இறுகி, மண்ணைப் பிறாண்டிப் பிறாண்டிக் குழியாக்கி, அதற்குள் கிடந்தது சிறுத்தை. படத்தில் பார்த்ததைவிடச் சின்னது. வாயோரத்தில் நுரை. என்னால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தொரை அங்கே வந்து நின்றார், பார்த்தார். வனவிலங்கு அதிகாரிகள் வந்து மயக்க ஊசி அடித்தார்கள். அது அடங்கிய பிறகு கம்பியை வெட்டி எடுத்தார்கள்.

வெட்டிய கம்பியை ஓர் அதிகாரி தூக்கிப் பிடித்தார். மோட்டார்சைக்கிள் கிளட்ச் கம்பி. நுனியில் சிவப்புப் பெயிண்ட். என் கணவர் என் காதோடு, "இது நம்ம பழைய பைக்கோட கம்பி. பொங்கலுக்கு வந்தப்ப ஒங்க அண்ணே கேட்டு வாங்கிட்டுப் போனாரு" என்றார்.

நான் அண்ணனைத் தேடினேன். கூட்டத்தின் கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"யார் போட்டது இந்தக் கம்பி?" அதிகாரி தமிழில்தான் கேட்டார். மறுபடி கேட்டார். அப்போது தலைவர் முன்னால் வந்தார்.

"எல்லாரும்தான் ஐயா. இந்த ஓரத்துல கம்பி போடாத துண்டு எதுன்னு கேளுங்க. பன்னி ஒரு ராத்திரியில அத்தனையும் தோண்டிப்புட்டுப் போயிருது. என் துண்டுலயும் இருக்கு. எழுதிக்கிடுங்க."

அதிகாரிகள் அவரை ஆபீசுக்குக் கூட்டிப்போய் நெடுநேரம் விசாரித்து, எச்சரித்து அனுப்பினார்கள். சோடித்த படம் என்று அவர் அத்தனை பிடிவாதம் பிடித்தது ஏன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. காட்டு ஆட்கள் மலை ஏறினால் முதலில் காலில் தட்டுவது சிறுத்தை அல்ல, கம்பிதான். விளங்கிய பிறகும் எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றாரே.

அண்ணன் தண்ணீர்க் குழாயடியில் கை கழுவிக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணே, அது ஒங்க கம்பிதானே?"

குழாயை மூடினார். "பன்னிக்கு வச்சேன். சத்தியமா பன்னிக்குத்தான்."

"அண்ணி வீடியோ எடுத்தப்பவே ஒங்களுக்குத் தெரியும், அது அந்த வழியாத்தான் வரும்னு."

"தெரியும். கம்பிய எடுத்துரலாம்னு ரெண்டு தடவ போனேன். ஆளுங்க பாத்துருவாங்கன்னு திரும்பிட்டேன். நீ பொய்யின்னு சொல்லிட்டா எல்லாம் அடங்கிரும், அப்புறம் மெதுவா எடுத்துக்கலாம்னு இருந்தேன்." பிறகு, "அவகிட்டச் சொல்லாத" என்றார்.

அண்ணி எங்கள் பின்னால்தான் நின்றார். குடத்தைக் கீழே வைத்தார்.

"நான் தெனமும் அந்த ஓரத்துலதான் ஏறி எறங்குறேன்" என்றார். "ஊரே என்னப் பொய்க்காரின்னுச்சு. நீங்களும் அதுல சேந்துக்கிட்டீங்க. பொய்யில்லன்னு மொதல்லயே தெரிஞ்ச ஒரே ஆளு நீங்கதான்."

அதற்குப் பிறகு நெடுநாள் அண்ணி அவரோடு நேரில் பேசவில்லை. சோறு வைப்பார், சாப்பிடச் சொல்லி மகளைத்தான் அனுப்புவார். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அண்ணியும் அவரோடு கொழுந்தெடுக்கும் பெண்களும் கத்தியோடு காட்டோரம் முழுக்க நடந்து, கண்ணில் பட்ட கம்பியையெல்லாம் பிடுங்கிக்கொண்டு வந்து கோயிலுக்கு முன்னால் போட்டார்கள். எது யாருடையது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அண்ணனும் போய் அதைச் சுருட்டிக் கட்டினார். பன்றி இப்போதும் வருகிறது. முறை வைத்துக் காவல் இருக்கிறார்கள்.

சிறுத்தையை உயிரோடுதான் கொண்டுபோனார்கள். குணமாகி வேறு காட்டில் விட்டார்கள் என்று ஒரு பேச்சு. போகும் வழியிலேயே செத்துவிட்டது என்று இன்னொரு பேச்சு. இரண்டுக்கும் படம் கிடையாது. நான் யாரிடமும் கேட்கவில்லை. இதை எழுதட்டுமா என்று மட்டும் அண்ணனிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, "எழுது. பேரு போடாத" என்றார்.

போன மாதம் அண்ணி மகளுக்குச் சப்பாத்து வாங்கப் பண்டாரவளைக்கு வந்தார். மழை பிடித்துக்கொண்டதால் ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்தார். தாடிக்காரர் துணியை உதறும் படத்தை முதல் முறையாக அவருக்குப் போட்டுக் காட்டினேன். கடைசிவரை முகத்தைச் சுளித்துக்கொண்டே பார்த்தார்.

"இந்தாளு யாரு?"

சொன்னேன். பெரிய போர் வந்து தொழில் படுத்ததையும், அவர் படங்களைப் பட்டாளம் உருக்கிச் சப்பாத்துக்குக் குதிகால் செய்ததையும், மிச்சத்தை அவரே தோட்டத்தில் போட்டு எரித்ததையும் சொன்னேன். கடைசிக் காலத்தில் ஒரு ரயில்வே ஸ்டேசனில் விளையாட்டுச் சாமானும் மிட்டாயும் விற்றார் என்றேன்.

"தனியாவா?"

"இல்ல. அவரு படத்துல நடிச்ச ஒரு அம்மாவத்தான் பின்னால கட்டிக்கிட்டாரு. ரெண்டு பேரும்தான் கடையில இருந்தாங்க."

"படத்துல மறைஞ்சவளா?"

"மறைஞ்சவங்கள்ல ஒருத்தர்."

வெளியே மழை குறைந்திருந்தது; பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மகள் பையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அண்ணி எழுந்திருக்கவில்லை.

"இன்னொரு தடவ போடு" என்றார். "இந்தத் தடவ ஆள விட்டுட்டு அவ கால மட்டும் பாக்குறேன்."